திரை பெரிதாகிவிட்டது, படம் எந்த வழியாக வரட்டும்?

2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டு வாசலில் 55 அங்குல அட்டைப்பெட்டி சாய்ந்து நின்றது. பொங்கல் வருவதற்குள் மூன்று வீட்டிலும் ஒரே குறை: “பழைய டிவியில நல்லாத்தானே தெரிஞ்சுது? இதுல எல்லார் மூஞ்சியும் மெழுகு பூசின மாதிரி இருக்கு.”

டிவி மேல் குற்றமில்லை. சாதாரண எஸ்டி சானலின் படத்தில் 720-க்கு 576 புள்ளிகள். மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் 3840-க்கு 2160. ஏறத்தாழ 83 லட்சம். வரும் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு டிவி இருபது புள்ளியை ஊகித்து நிரப்புகிறது. ஒரு டம்ளர் மோரில் தண்ணீர் ஊற்றி இருபது இலைக்குப் பரிமாறுகிற கதை.

அடுத்த கேள்வி தானாக வருகிறது. இருக்கிற இணைப்பையே எச்டிக்கு மாற்றலாமா? 4கே பாக்ஸ் போடலாமா? கேபிளை வெட்டிவிட்டு ஃபைபர் மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா? “எப்படியும் 8கே வரப்போகுதே, கொஞ்சம் பொறுத்து அதையே வாங்கியிருக்கலாமோ?” என்று கேட்பவர்களும் உண்டு (8கே என்றால் 4கேயைப்போல் நாலு மடங்கு புள்ளி). இந்த நாலு வழியையும் எடை போட்டுப் பார்க்கலாம். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அட்டைப்பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் புள்ளிக் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைவு.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் சோபாவிலிருந்து திரைக்கு எத்தனை அடி என்று அளந்துகொள்ளுங்கள். நல்ல பார்வையுள்ள கண், ஃபுல் எச்டி படத்தின் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிவது திரை உயரத்தைப்போல் சுமார் 3.2 மடங்கு தூரம் வரைக்கும்தான். 4கேவுக்கு அது 1.6 மடங்கு, 8கேவுக்கு 0.8 மடங்கு. 55 அங்குல டிவியின் உயரம் 27 அங்குலம். ஆக ஏழடிக்கு அப்பால் உட்கார்ந்தால் ஃபுல் எச்டியின் புள்ளியே கண்ணுக்குத் தெரியாது. 4கேயின் நுணுக்கம் முழுவதும் தெரிய வேண்டுமானால் மூன்றரை அடிக்கு வர வேண்டும். நம் வீட்டு ஹாலில் சோபா எட்டு, ஒன்பது அடியில்தான் கிடக்கிறது.

அப்படியென்றால் கடையில் 4கே படம் கண்ணைப் பறித்ததே, அது பொய்யா? பொய்யில்லை. ஆனால் பறித்தது புள்ளி அல்ல, வெளிச்சம். சேப்பாக்கத்தில் மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி மைதானத்தில் கேலரியின் நிழல், மீதியில் வெயில். பழைய முறைப் படத்தில் வெயில் பக்கம் வெளுத்துப்போகும்; அதைச் சரிசெய்தால் நிழல் பக்கம் கறுத்து, பந்து காணாமல் போகும். எச்டிஆர் என்கிற முறை இரண்டையும் ஒரே சட்டகத்தில் தாங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் பழைய முறையில் 256 படிகள், இதில் 1024. எச்டிஆரோடு சேர்ந்து வரும் அகன்ற நிறங்களுக்கான சர்வதேச வரையறை 2012-இல் வந்தது. பிபிசியும் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேவும் சேர்ந்து உருவாக்கிய எச்எல்ஜி என்ற எச்டிஆர் முறை 2016-இல் வரையறையில் ஏறியது. நேரடி ஒளிபரப்புக்கென்றே செய்த முறை அது.

ஒளிபரப்பாளர்களுக்கும் இது தெரியும். 2020 சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தை அந்த நாட்டின் ஃபாக்ஸ் சானல் 4கே என்று கொடுத்தது. கேமராவிலிருந்து தயாரானது 1080பி, அதாவது ஃபுல் எச்டி அளவிலான எச்டிஆர். அதைத்தான் 4கேவாகப் பெருக்கி அனுப்பினார்கள். அதனால், “4கே உண்டா?” என்று கேட்பதைவிட “எச்டிஆர் உண்டா, நொடிக்கு எத்தனை மெகாபிட்?” என்று கேட்பது மேல். வாரிக் கொடுத்த எச்டி, பட்டினி போட்ட 4கேயை எந்நாளும் வெல்லும்.

மற்ற அளவுகோல்கள் நமக்குத் தெரிந்தவைதான்: நேரடி ஆட்டத்தில் தாமதம், மாதச் செலவு, மழை, கரண்ட், வீட்டில் ரிமோட் யார் கையில், ஐந்து வருடம் கழித்து இந்தச் சாமான் உதவுமா.

## வழி 1: இருக்கிற கேபிளோ டிடிஎச்சோ, எச்டிக்கு மாறுவது

சீரியலும் செய்தியும் பாட்டும் ஓடும் வீட்டுக்கு இதைவிட மலிவான முன்னேற்றம் கிடையாது. எஸ்டியிலிருந்து எச்டிக்குப் போனால் ஒரு புள்ளிக்கு இருபது ஊகித்த டிவி, நாலு ஊகித்தால் போதும். மெழுகு முகம் மனித முகமாகிவிடும்.

எச்டி சானல்கள் வருவது 1080ஐ முறையில்: ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்தமுறை. அழுது முடிக்கவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும் சீரியல் மாமியாருக்கு அது தாராளம். பவுண்டரிக்கு ஓடும் பந்தில்தான் விளிம்பு கலங்கும்.

மறைந்திருக்கும் செலவு சானல் பட்டியலில் இருக்கிறது. ஒரே சானலின் எஸ்டியும் எச்டியும் தனித்தனி விலை. மாறும்போது பழையதை எடுக்கச் சொல்லாவிட்டால் இரண்டுக்கும் பணம் போய்க்கொண்டேயிருக்கும். பாக்ஸும் எச்டி பாக்ஸாக இருக்க வேண்டும். பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் செருகியிருந்தால் எச்டி சானலுக்குப் பணம் கட்டியும் வருவது எஸ்டிதான். இப்படி எச்டிஎம்ஐ துளை காலியாகக் கிடக்க மூவர்ண வயரில் ஓடிக்கொண்டிருந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

## வழி 2: 4கே செட்டாப் பாக்ஸ்

இந்தப் பெயரில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பாக்ஸ் மாட்ட வந்த பையன் ஒருவன் என்னிடம் உண்மையைச் சொன்னான்: “சார், பாக்ஸ் 4கே. சானல் எச்டி.” டிஷ் வழியாக வருவது பழைய எச்டியேதான். 4கே வேண்டுமானால் அதே பாக்ஸில் இணையத்தைச் செருகி ஓடிடி பார்க்க வேண்டும்.

2015-இல் கதை வேறு. அந்த ஆண்டு ஜனவரியில் டாடா ஸ்கை 4கே பாக்ஸ் கொண்டுவந்தது. உலகக் கோப்பை கிரிக்கெட்டின் சில ஆட்டங்கள் 4கேயில் வந்தன. உலகத்தில் பெரும்பாலான நாடுகளுக்கு முன்பே நாம் தொடங்கிவிட்டோம் என்றுதான் தோன்றியது. பிறகு ஏன் தேங்கியது?

செயற்கைக்கோளில் இடம் என்பது பஸ் சீட் மாதிரி. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் 36 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்பாண்டர் ஒன்றில் டிவிபி-எஸ்2 என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு ஐம்பது மெகாபிட்டை ஒட்டி ஏற்றலாம். விளையாட்டை 4கேயில் கௌரவமாகக் காட்ட, எச்இவிசி என்ற வீடியோ சுருக்க முறையிலும் 20 முதல் 25 மெகாபிட் வேண்டும். இரண்டு சானல் ஏறினால் வண்டி நிரம்பிவிடும். அதே இடத்தில் இருபதுக்கு மேல் எஸ்டி சானல்களை நிற்க வைத்து டிக்கெட் கிழிக்கலாம். எந்தக் கண்டக்டரும் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பெரிய ஆட்டத்தை 4கேயில் காட்டுவதற்குத் தொழில்நுட்பப்படி மிகச் சரியான வழி வானம்தான். ஒரு சிக்னல் கீழே விழுகிறது. பத்து வீடு பார்த்தாலும் பத்துக் கோடி வீடு பார்த்தாலும் செலவு ஒன்றே. இணையத்தில் வீட்டுக்கு வீடு தனி ஓடை. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் 15 மெகாபிட் வீதம் 4கே கொடுத்திருந்தால் நொடிக்கு 885 டெராபிட். எந்த நாட்டு இணையமும் அதற்கு மூச்சுத் திணறும். ஆனாலும் டிடிஎச் சந்தாக்கள் குறைந்துகொண்டு வரும் காலத்தில், வானத்தில் புதிதாக 4கே சீட் போட யார் முதலீடு செய்வார்கள்?

வீட்டு ஆன்டெனாவில் பிடிக்கும் தரைவழி ஒளிபரப்பில் வேறு நாடுகள் 4கே பக்கம் நகர்ந்திருக்கின்றன. தென்கொரியா 2017 மே மாதத்தில் தொடங்கியது. ஆனால் அங்கே பெரும்பாலான வீடுகள் கேபிளிலும் இணைய இணைப்பு வழியாக வரும் ஐபிடிவியிலும் பார்ப்பதால் நேரடி ஆன்டெனாவில் அதை வாங்குவோர் சொற்பம். பிரான்ஸ், பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்னோட்டமாக 2024 ஜனவரியில் தொடங்கியது. ஸ்பெயின் அடுத்த மாதமே எஸ்டியை மூடிவிட்டு, அரசுச் சானலை 4கேயிலும் விட்டது. பிரேசில் அடுத்த தலைமுறைக்கு விவிசி என்ற புதிய சுருக்க முறையைத் தேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பேசப்படும் டி2எம், இணையம் இல்லாமலே கைபேசிக்கு நேராக ஒளிபரப்பும் முறை; அதன் இலக்கு கைபேசி. உங்கள் 55 அங்குலத்துக்கு அதில் இப்போதைக்கு ஒன்றுமில்லை.

ஆகவே இந்த வழி யாருக்கு? வீட்டில் பெரியவர்களுக்குச் சானல் எண் அழுத்தினால் படம் வர வேண்டும், பிள்ளைகளுக்கு ஓடிடி வேண்டும், ஒரே ரிமோட் போதும் என்கிற குடும்பத்துக்கு. அந்த வசதிக்காக வாங்கலாம். 4கே சானல் வரும் என்று வாங்கினால் அது காத்திருப்புப் பட்டியல் டிக்கெட். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிஷ் சிக்னல் போவதும் இதில் மாறப்போவதில்லை.

## வழி 3: ஃபைபரும் ஓடிடியும்

இன்று வீட்டுக்குள் உண்மையான 4கே எச்டிஆர் நுழையும் வாசல் இதுதான். 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா இலவசமாகவே 4கேயில் காட்டியது. அந்தக் கோடையில்தான் பலர் தங்கள் டிவியின் முழு முகத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள். இலவசம் நிலைக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸில் 499 ரூபாய்த் திட்டம் ஃபுல் எச்டியோடு நின்றுவிடும், 4கேவுக்கு 649. மற்ற தளங்களிலும் பெரும்பாலும் 4கே என்பது உச்சப் படிக்கட்டில்தான். யூடியூப் மட்டும் விதிவிலக்கு; அங்கே 4கேவுக்குச் சந்தா கேட்பதில்லை.

டேட்டாவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை குடிக்கும். தினம் மூன்று மணி நேரம் பார்த்தால் மாதம் 630 ஜிபி. பல ஃபைபர் திட்டங்களின் உச்சவரம்பு 3,300 ஜிபி. ஆனால் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் பார்க்கலாம் என்று நினைப்பவருக்கு, தினசரி 2 ஜிபி என்பது பதினேழு நிமிடம்.

அடைப்பு வருவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான். ரூட்டர் வாசல் பக்கம், டிவி இரண்டு சுவர் தாண்டி, நடுவில் பீரோ. நூறு மெகாபிட் திட்டம் போட்டும் டிவிக்குப் பத்துதான் போய்ச் சேரும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு வேகம் உண்டு, சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. முந்நூறு ரூபாய்க்கு ஒரு லேன் வயர் இழுப்பது, ஆயிரக்கணக்கில் வேகத் திட்டம் ஏற்றுவதைவிடப் பயன் தரும். கரண்ட் போனால் ரூட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் இன்வர்ட்டர் இணைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டிவி ஓடும், படம் வராது.

தாமதத்தைச் சொல்லியாக வேண்டும். டிடிஎச்சில் நாலைந்து நொடி. ஓடிடியில் அரை நிமிடம் வரை. எங்கள் மாடி வீட்டில் டிடிஎச், கீழே நாங்கள் ஓடிடி. கடைசி ஓவரில் ஆறு அடிக்கும் முன்பே மேலே நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டுவிடும். எங்கள் படம் அவர்களுடையதைவிடத் துல்லியம், சந்தேகமில்லை. என்ன நடக்கப்போகிறது என்பதுதான் முன்பே தெரிந்துவிடுகிறது. கூட்டம் ஏறினால் படமும் தானாக எச்டிக்கு இறங்கிவிடும்.

இன்னொரு மறைவுச் செலவு, டிவியின் ஆயுள். திரை பத்து வருடம் உழைக்கும். உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு நாலைந்து வருடத்தில் கிழடு தட்டிவிடும். சுருக்க முறையும் மாறிக்கொண்டேயிருக்கிறது: எச்இவிசி 2013, ஏவி1 2018, விவிசி 2020. இன்றைய டிவியில் பெரும்பாலும் விவிசி கிடையாது. அதற்காக டிவியை மாற்ற வேண்டாம். பின்னால் செருகும் குச்சியோ சின்னப் பெட்டியோ மாற்றினால் போதும். அதனால் டிவி வாங்கும்போது காசைத் திரையின் வெளிச்சத்துக்குக் கொடுங்கள், “ஸ்மார்ட்” என்ற சொல்லுக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பெட்டியைச் செருகும் எச்டிஎம்ஐ துளையின் அமைப்பில் முழுத் தரத்தைத் தனியே ‘ஆன்’ செய்ய வேண்டிய டிவிகள் நிறைய. செய்யாமல் விட்டால் எச்டிஆர் உறங்கிக்கொண்டிருக்கும்.

## வழி 4: 8கேவுக்காகப் பொறுத்திருப்பது

8கேயை உலகத்தில் யாராவது முழுமனதாக முயன்றார்கள் என்றால் ஜப்பானின் என்எச்கே. 1995-இல் ஆராய்ச்சி, 2005 ஐச்சி கண்காட்சியில் பொதுமக்களுக்குக் காட்சி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிபிசியோடு சேர்ந்து பெருந்திரைக் காட்சி, 2018 டிசம்பர் 1-இல் செயற்கைக்கோள் வழி 8கே சானல். 22.2 ஒலித்தடங்கள், அதாவது 22 தடமும் அடித்தொனிக்கு 2 தடமும். சுருக்காத 8கே நொடிக்கு ஏறத்தாழ 60 ஜிகாபிட். அதை நூறு மெகாபிட்டுக்குள் பிழிந்து அனுப்பியும் ஒரு டிரான்ஸ்பாண்டர் முழுவதையும் அந்த ஒரே சானல் விழுங்கியது.

பார்வையாளர் வீட்டிலும் செலவு. அந்தச் சிக்னல் இடப்பக்கம் சுழலும் அலையில் வந்ததால் பழைய டிஷ் உதவவில்லை. அடுக்ககங்களில் வயரும் பிரிப்பானும் 3.2 கிகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் வகைக்கு மாற வேண்டியிருந்தது. சீனாவும் 2022-இல் 8கே சானல் தொடங்கியது. ஆனால் டிவி செய்பவர்கள் பின்வாங்குகிறார்கள்: டிசிஎல் ஒதுங்கிக்கொண்டது, சோனி 2025-இல் தன் 8கே வரிசையை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச் முதல் 8கே டிவிக்கும் 4கேவுக்கு உள்ள மின்செலவு வரம்பையே விதித்தது. மூன்று கோடிக்கு மேல் புள்ளி உள்ள திரைக்கு அதற்குள் அடங்குவது பெரும்பாடு.

85 அங்குல டிவியாக இருந்தாலும் ஐந்தரை அடிக்குள் உட்கார்ந்தால்தான் 4கேக்கும் 8கேக்கும் வித்தியாசம் தெரியத் தொடங்கும். படப்பிடிப்பில் 8கே கேமரா பயன்படும். அகலமாக எடுத்து, வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்ளலாம். ஆவணப் பாதுகாப்புக்கும் நல்லது. ஹாலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | எச்டி கேபிள் / டிடிஎச் | 4கே பாக்ஸ் | ஃபைபர் + ஓடிடி | 8கே |
|---|---|---|---|---|
| இன்று உண்மையான 4கே எச்டிஆர் | இல்லை | இணையம் சேர்த்தால் | உண்டு, உயர் திட்டத்தில் | பார்க்க 8கே படமே அரிது |
| நேரடி ஆட்டத் தாமதம் | சில நொடி | சானலில் சில நொடி | அரை நிமிடம் வரை | பொருந்தாது |
| மறைவுச் செலவு | இரட்டைச் சானல் கட்டணம் | ஓடிடி சந்தா தனி | லேன் வயர், இன்வர்ட்டர், பல சந்தா | டிவி விலை, மின்சாரம் |
| காலை வாரும் இடம் | கனமழை, வேகமான ஆட்டம் | பெயர் | வீட்டு வைஃபை, பெருங்கூட்ட நாள் | தூரம் |
| யாருக்கு | சீரியல், செய்தி வீடு | மூன்று தலைமுறை வீடு | படம், தொடர், ஐபிஎல் பிரியர் | ஸ்டூடியோ |

என்னைக் கேட்டால், ஓடிடியில் வாரம் நாலு நாளாவது படம் பார்ப்பவர் மூன்றாம் வழிக்குப் போகலாம். பெற்றோர் சானல் பார்க்கிறார்கள் என்றால் இருக்கும் இணைப்பில் அவர்கள் பார்க்கும் ஐந்தாறு சானலை மட்டும் எச்டியாக்கி, மீதியை எடுத்துவிடுங்கள். மிச்சமாகும் பணம் ஓடிடிக்கு உதவும். 43 அங்குலத்துக்குக் கீழே திரை வைத்திருப்பவர் 4கே திட்டத்துக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். யூடியூபில் நல்ல 4கே படம் ஒன்றைத் திறந்து, தரத்தை 2160-க்கும் 1080-க்கும் மாற்றி மாற்றி வைக்க வீட்டில் ஒருவரிடம் ரிமோட்டைக் கொடுங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, எது எது என்று சொல்லுங்கள். ஒன்பதடித் தூரத்திலிருந்து நான் நாலு முறை சொன்னதில் இரண்டு தப்பு.